ஊர் திரும்பிய பின் மனமும் உறவும்: பேராசிரியர் தயா சோமசுந்தரத்தின் ஆய்வுகள் நமக்குச் சொல்வது

காணி, வீட்டுத்திட்டம், கிணறு துப்புரவாக்கல், மிதிவெடி அபாயம் ஆகியவற்றோடு, ஊர் திரும்பும் ஒவ்வொரு குடும்பமும் எண்ணிப் பார்க்கவேண்டிய இன்னொரு விடயம் உண்டு. அது மனம். மனம் என்று சொல்லும்போது ஒருவருடைய மனத்தை மட்டும் நாம் கருதவில்லை. குடும்பத்துக்குள்ளும் அயலவர்களுக்கு இடையிலும் உள்ள உறவையும் சேர்த்தே சொல்கிறோம்.

இதைப்பற்றி எழுதும்போது ஒரு பேராசிரியரின் ஆய்வுகளை எடுத்துக்கொண்டதற்குக் காரணம் இருக்கிறது. உங்கள் கிராமத்துக்கு வரும் உளசமூகப் பணியாளர், பிள்ளையின் பாடசாலையில் உள்ள ஆலோசனை ஆசிரியர், வைத்தியசாலையின் உளநலப் பிரிவு, பெண்கள் கூடிப்பேசும் குழு ஆகியன இன்று வடக்கில் இயங்கும் முறைக்குப் பின்னால் முப்பது ஆண்டுகளுக்கு மேற்பட்ட அனுபவமும் ஆய்வும் உள்ளன. அவற்றில் முக்கிய பங்கு பேராசிரியர் தயா சோமசுந்தரத்துடையது. அவர் கண்டறிந்தவற்றைத் தெரிந்துகொண்டால், உங்கள் வீட்டில் நடப்பதற்கு ஒரு பெயர் கிடைக்கும். அது உங்களுக்கு மட்டும் நடப்பதல்ல என்பதும் புரியும்.

ஊர் வந்தும் ஏன் நிம்மதி வரவில்லை?

முகாமிலும் உறவினர் வீட்டிலும் இருந்த காலம் முழுவதும் "ஊருக்குப் போனால் எல்லாம் சரியாகிவிடும்" என்று நினைத்திருப்பீர்கள். வந்து சேர்ந்த முதல் நாட்களில் வளவைத் துப்புரவாக்குவது, தறப்பாள் கட்டுவது, அட்டை பதிவது என்று ஓய்வில்லாத வேலை இருக்கும். சில மாதங்கள் கழித்து, வேலை சற்றுக் குறையும்போதுதான் வேறு சில தெரியத் தொடங்கும். இரவில் நித்திரை வராது. காரணமில்லாமல் கோபம் வரும். பிள்ளை தாயை விட்டு அகலாது. வீட்டுக்காரர் பின்னேரமானால் குடிக்கப் போய்விடுவார். பக்கத்து வளவுக்காரருடன் எல்லைக் கல்லுக்காகத் தொடங்கிய வாய்ப்பேச்சு பகையாகிவிடும்.

"இவ்வளவையும் தாங்கினேன், இப்போது ஏன் உடைகிறேன்?" என்று பலர் கேட்பதுண்டு. ஆபத்து நேரத்தில் மனம் தப்பிப்பதையே முதல் வேலையாகக் கொள்ளும். அழவும் நினைத்துப் பார்க்கவும் அதற்கு அப்போது நேரம் இருப்பதில்லை. ஆபத்து விலகிய பிறகுதான் அடக்கி வைத்தவை மேலே வரும். நீங்கள் பலவீனமானவர் என்பதற்கு இது அடையாளம் அல்ல.

மக்களிடையே இருந்து செய்த ஆய்வு

பேராசிரியர் சோமசுந்தரம் யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்தில் உளமருத்துவம் கற்பித்தவர். யுத்த காலத்தில் யாழ்ப்பாணத்திலேயே மனநல வைத்தியராகப் பணியாற்றியவர். தன்னிடம் வந்த நோயாளர்களை மட்டும் அவர் பார்க்கவில்லை. வைத்தியசாலைக்கு வராதவர்களுக்கு என்ன நடக்கிறது என்பதையும் அறிய முற்பட்டார்.

அவரும் வைத்தியர் சிவயோகனும் சேர்ந்து பொதுமக்களிடையே நடத்திய ஆய்வொன்று 1994 இல் பிரித்தானிய உளமருத்துவ சஞ்சிகையில் வெளியானது. எழுமாறாகத் தெரிவு செய்யப்பட்ட சாதாரண மக்களிடம் கேட்டபோது, யுத்த நெருக்கீடு எதையும் அனுபவிக்காதவர்கள் 6 சதவீதத்தினர் மட்டுமே என்று தெரியவந்தது. 64 சதவீதத்தினரில் ஏதோ ஒரு வகை உளசமூகப் பாதிப்புக் காணப்பட்டது. நெருக்கீட்டுக்குப் பிற்பட்ட மனவடு நோய் 27 சதவீதத்தினருக்கும், கடும் மனச்சோர்வு 25 சதவீதத்தினருக்கும் இருந்தன. மது, போதைப்பொருள் பாவனைப் பிரச்சினை 15 சதவீதத்தினரில் காணப்பட்டது.

இந்த எண்களை இரண்டு விதமாகப் படிக்கவேண்டும். பாதிப்பு மிகப் பரவலானது, வெட்கப்பட எதுவும் இல்லை என்பது ஒன்று. அன்றாட வேலைகளைச் செய்யமுடியாத அளவுக்கு இயலாமை ஏற்பட்டவர்கள் 18 சதவீதத்தினரே என்பது மற்றொன்று. அதாவது பெரும்பாலானோர் மனத்தில் வலியுடனேயே சமைத்தார்கள், தோட்டம் செய்தார்கள், பிள்ளைகளைப் பள்ளிக்கூடம் அனுப்பினார்கள். எல்லோரையும் நோயாளியாகப் பார்ப்பதும் தவறு, ஒருவருக்கும் ஒன்றுமில்லை என்று விடுவதும் தவறு.

உடம்பு சொல்லும் மனத்தின் வலி

அதே ஆய்வில் ஆகக் கூடுதலாகக் காணப்பட்டது வேறொன்று. 41 சதவீதத்தினரில் மனத்தின் பாரம் உடல் நோவாக வெளிப்பட்டது. வைத்தியர்கள் இதை மெய்ப்பாடு என்பார்கள். தலையிடி, நாரி உளைவு, நெஞ்சு படபடப்பு, கை கால் விறைப்பு, உடம்பு முழுவதும் எரிவு, களைப்பு என்று இது பல வடிவில் வரும்.

எங்கள் சமூகத்தில் "எனக்கு மனக்கவலை" என்று வைத்தியரிடம் சொல்பவர்கள் குறைவு. "தலை விறைக்குது", "நெஞ்சு இறுக்குது" என்றே சொல்வோம். வைத்தியரும் குளிசை தருவார். குளிசை முடிய நோவு திரும்ப வரும். மறுபடி வேறு வைத்தியர், வேறு குளிசை.

இந்த நோவு பொய்யானது அல்ல, நடிப்பும் அல்ல. உண்மையாகவே வலிக்கும். முதலில் உடல் நோய் ஏதும் உள்ளதா என்று வைத்தியரிடம் கட்டாயம் காட்டுங்கள். பரிசோதனையில் எதுவும் தெரியாவிட்டால், "இந்த நோவு எப்போது தொடங்கியது? அந்த நேரத்தில் எங்கள் வீட்டில் என்ன நடந்தது?" என்று உங்களை நீங்களே கேட்டுப்பாருங்கள். வைத்தியரிடமும் அதைச் சொல்லுங்கள். இழப்பைப் பற்றிச் சொல்வதற்கு வைத்தியசாலை பொருத்தமான இடம்தான்.

ஊருக்கும் காயம் படும்

சோமசுந்தரத்தின் ஆய்வுகளில் உலகம் கவனித்த முக்கிய கருத்து இது. 1998 இல் வெளியான அவருடைய ஆங்கில நூலின் தலைப்பில் வடுப்பட்டவை மனங்கள். 2014 இல் வந்த நூலின் தலைப்பில் வடுப்பட்டவை சமூகங்கள். இந்த மாற்றத்தில்தான் அவருடைய கண்டுபிடிப்பு இருக்கிறது.

2007 இல் வெளியான ஆய்வுக்கட்டுரையில் அவர் வட இலங்கையில் யுத்தமும் ஆழிப்பேரலையும் விட்டுச்சென்ற விளைவுகளை ஆராய்ந்தார். ஆழிப்பேரலையின் பின்னரும் சமூகத்தில் மாற்றங்கள் இருந்தன. ஆனால் நீண்ட யுத்தம் உண்டாக்கிய மாற்றங்கள் அவற்றைவிட ஆழமானவை. குடும்பங்களில் தாய் அல்லது தந்தை தனித்துப் பிள்ளை வளர்க்கும் நிலை, ஒருவர்மீது ஒருவருக்கு நம்பிக்கைக் குறைவு, பிள்ளை வளர்ப்பு முறையில் மாற்றம் ஆகியவற்றைக் கண்டார். ஊர்களில் சந்தேகம், மௌனம், தலைமை இல்லாமை, தாமாக முன்வராமை, பிறரில் தங்கியிருத்தல் ஆகியவற்றைக் கண்டார். பழக்கப்பட்ட அமைப்புகளும் ஒழுங்குகளும் குலைந்திருந்தன. இதையே அவர் கூட்டு மனவடு என்று விளக்கினார். 2010 இல் வன்னியில் இடம்பெயர்ந்த மக்களைப்பற்றி வெளியிட்ட ஆய்விலும் இதே நோக்கில் எழுதினார்.

இவை ஏன் நடக்கின்றன என்று எண்ணிப்பாருங்கள். யுத்த காலத்தில் வாய் திறந்தால் ஆபத்து. மௌனம் உயிரைக் காத்தது. யாரை நம்புவது என்று தெரியாதபோது சந்தேகமும் உயிரைக் காத்தது. முன்னுக்கு நின்றவர்களே முதலில் பாதிக்கப்பட்டார்கள். ஆகவே பின்னுக்கு நிற்கப் பழகினோம். முகாமில் சோறும் தண்ணீரும் வரிசையில்தான் கிடைத்தன. ஆகவே வரிசையில் காத்திருக்கப் பழகினோம். அன்று உயிர் காத்த பழக்கங்கள் இன்று ஊரைக் கட்டி எழுப்பத் தடையாக நிற்கின்றன. இதைச் சோம்பல் என்றும் ஒற்றுமையில்லாத சனம் என்றும் பழிப்பவர்கள் உள்ளார்கள். இது காயம்.

இதில் எங்களைப் போன்ற நிவாரண நிறுவனங்களுக்கும் பொறுப்பு உண்டு. கேட்காமல் கொடுப்பதும், மக்களிடம் பேசாமல் திட்டம் தீட்டுவதும் தங்கியிருக்கும் பழக்கத்தை வளர்க்கும். கூட்டுக் காயத்தைக் கவனிக்காத நிவாரணமும் அபிவிருத்தியும் பயன் தராது என்பது 2007 ஆய்வின் முடிவுகளில் ஒன்று. எனவே உங்கள் ஊரில் கிணறோ வீதியோ பொதுமண்டபமோ வரும்போது எங்கே, எப்படி, யாருக்கு என்று கேளுங்கள். அது உங்கள் உரிமை. உங்கள் ஊரின் மனம் ஆறுவதற்கான வழியும் அதுவே.

ஆய்வு சேவையாக மாறிய விதம்

ஊர் முழுவதும் காயப்பட்டிருந்தால், விரல்விட்டு எண்ணக்கூடிய மனநல வைத்தியர்களால் எல்லோரையும் பார்க்கமுடியாது. தனி அறையில் ஒருவரை இருத்திப் பேசுவதால் மட்டும் ஊரின் காயம் ஆறவும் மாட்டாது. இந்த இரண்டு உண்மைகளிலிருந்து புதிய வழி ஒன்று பிறந்தது. ஊரிலேயே உள்ளவர்களுக்கு அடிப்படை உளநல அறிவைப் பயிற்றுவித்து, அவர்கள் மூலம் மக்களைச் சென்றடைவது அந்த வழி.

1990களில் சோமசுந்தரம் கம்போடியாவிலும் பணியாற்றினார். 1975 முதல் 1979 வரை நடந்த கெமர் ரூஜ் ஆட்சிக்குப் பின்னர் அங்கே மனநல சேவை என்று சொல்ல ஏறக்குறைய எதுவும் இருக்கவில்லை. உள்ளூர்ப் பணியாளர்களைப் பயிற்றுவித்து, பௌத்த துறவிகளையும் நாட்டு வைத்தியர்களையும் புறக்கணிக்காமல் சேவையை ஆரம்பிக்கும் அனுபவம் அங்கே கிடைத்தது.

யாழ்ப்பாணத்தில் இதற்கு ஒரு நல்ல உதாரணம் உண்டு. உலக சுகாதார நிறுவனமும் அகதிகளுக்கான ஐக்கிய நாடுகள் உயர் ஆணையகமும் அகதிகளின் உளநலம் பற்றி 1996 இல் ஒரு கைநூல் வெளியிட்டன. சோமசுந்தரமும் சிவயோகனும் அதை எங்கள் வாழ்க்கைக்கும் வழக்கத்துக்கும் ஏற்றபடி மாற்றி அமைத்தார்கள். தமிழ்ச் சமூகத்தின் உளநலம் பற்றிய அந்த நூலை யாழ்ப்பாணத்தில் இயங்கும் சாந்திகம் நிறுவனம் 2000 ஆம் ஆண்டில் வெளியிட்டது. ஆசிரியர்கள், சுகாதார உத்தியோகத்தர்கள், கிராம மட்டப் பணியாளர்கள் முதலியோரைப் பயிற்றுவிக்க இப்படியான நூல்கள் உதவின. உங்கள் வீட்டுப் படலையைத் திறந்து வந்து "எப்படி இருக்கிறீங்கள், அம்மா?" என்று கேட்கும் பணியாளர் அந்த வழியில் வந்தவர். பெயர் பதிவதோ பொருள் கொடுப்பதோ அவருடைய வேலை அல்ல. நீங்கள் சொல்வதைப் பொறுமையாகக் கேட்பதே அவருடைய முதல் வேலை.

உங்கள் வீட்டில் செய்யக்கூடியவை

குடும்பத்திலிருந்தும் ஊரிலிருந்தும் தொடங்குவது என்ற இந்த நோக்கு, உங்களால் இன்றே செய்யக்கூடிய சிலவற்றைக் காட்டுகிறது.

*ஒன்றாக இருங்கள்.* நாளுக்கு ஒரு நேரமாவது எல்லோரும் சேர்ந்து சாப்பிடுங்கள். பிள்ளைகளைப் "பிறகு கூட்டிவரலாம்" என்று நீண்ட காலம் வேறிடத்தில் விடுவதைக் கூடியவரை தவிருங்கள். அம்மம்மா, அப்பப்பா முதலிய முதியோருக்கு ஊரும் பழைய வாழ்க்கையும் நினைவில் இருக்கும். எந்த மரம் எங்கே நின்றது, எந்த வயலுக்கு என்ன பெயர் என்று அவர்கள் பிள்ளைகளுக்குச் சொல்லட்டும். முகாமில் பிறந்த பிள்ளைக்கு இது புது இடம். அந்தக் கதைகளால்தான் அது அவர்களுடைய ஊராகும்.

*பிள்ளைக்கு ஒழுங்கான நாள் வேண்டும்.* படுக்கையில் சலம் போவது, கெட்ட கனவு, தாயைப் பிடித்தபடி நிற்பது ஆகியவை பயத்தின் அடையாளங்கள். அடிக்கவோ பகிடி பண்ணவோ வேண்டாம். எழும்பும் நேரம், பள்ளிக்கூடம், விளையாட்டு, படுக்கும் நேரம் ஆகியவை தினமும் ஒரே மாதிரி இருந்தால் பிள்ளையின் மனம் ஆறுதலடையும்.

*துக்கத்துக்கு இடம் கொடுங்கள்.* இடப்பெயர்வின்போது பலருக்கு உரிய முறையில் செத்தவீடு நடக்கவில்லை. எட்டுச்செலவும் அந்தியேட்டியும் செய்யமுடியவில்லை. பூசையோ துஆவோ திருப்பலியோ நடக்கவில்லை. காலம் கடந்தாலும் அவற்றைச் செய்யலாம். ஆடி அமாவாசைக்கு விரதம் இருப்பது, நினைவு நாளில் விளக்கேற்றுவது, அயலவருக்குச் சோறு கொடுப்பது எல்லாம் மனத்தை ஆற்றும். சேர்ந்து அழுவதற்கு எங்கள் முன்னோர் ஏற்படுத்திய வழிகள் அவை.

*காணாமற்போனவரின் குடும்பத்தை அவசரப்படுத்தாதீர்கள்.* ஒருவருடைய நிலை தெரியாத துக்கம் வேறு விதமானது. காத்திருக்கவும் முடியாது, விடவும் முடியாது. "இனி வரமாட்டார், சடங்கைச் செய்" என்று உறவினர் வற்புறுத்தக்கூடாது. "வருவார்" என்று பொய் உறுதி கொடுக்கவும் கூடாது. எதைச் செய்வது, எப்போது செய்வது என்பதை அந்தக் குடும்பமே தீர்மானிக்கட்டும். அவர்கள் பக்கத்தில் இருப்பதுதான் எங்கள் வேலை. அந்தத் தாயை அல்லது மனைவியை நல்ல காரியங்களிலிருந்து ஒதுக்கிவைப்பது காயத்தின் மேல் காயம்.

*மூச்சையும் உடலையும் தளர்த்துங்கள்.* மருந்தோடு சேர்த்தோ மருந்தில்லாமலோ செய்யக்கூடிய, எங்களுக்குப் பழக்கமான தளர்வு முறைகளைச் சோமசுந்தரம் தன் சிகிச்சையில் பயன்படுத்தினார். மூச்சுப் பயிற்சி, சாந்தி ஆசனம், மந்திரம் அல்லது செபத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லுதல் ஆகியன அவை. சைவர்கள் ஓம் என்றோ தங்கள் மந்திரத்தையோ சொல்லலாம். கத்தோலிக்கர் செபமாலையும், முஸ்லிம்கள் தஸ்பீஹும் சொல்லலாம். அமைதியான இடத்தில் காலையும் மாலையும் பத்து, பதினைந்து நிமிடம் இருந்து, மூச்சு உள்ளே போவதையும் வெளியே வருவதையும் கவனித்தால் போதும். கண்ணை மூடும்போது பழைய காட்சிகள் வந்து துன்புறுத்தினால் கண்ணைத் திறந்தபடி செய்யுங்கள், அல்லது நிறுத்திவிடுங்கள்.

*குடியை மருந்தாக்காதீர்கள்.* குடித்தால் நித்திரை வருவதுபோல் இருக்கும். ஆனால் அந்த நித்திரை நிலைக்காது. விடியும்போது கவலையும் கோபமும் கூடியிருக்கும். வீட்டுச் சண்டையும் கடனும் அதோடு சேர்ந்து வரும். விட முடியவில்லை என்றால் அதற்கும் வைத்தியசாலையில் உதவி உண்டு.

ஊரில் செய்யக்கூடியவை

நம்பிக்கை பேச்சால் மட்டும் திரும்பாது. சேர்ந்து செய்யும் வேலையால் திரும்பும். பெரிய வேலையாக இருக்கவேண்டியதில்லை. பொதுக்கிணற்றைச் சேர்ந்து இறையுங்கள். கோயில் வீதியை, தேவாலய வளவை, பள்ளிவாசல் முற்றத்தைச் சிரமதானத்தில் துப்புரவாக்குங்கள். சனசமூக நிலையத்தை மறுபடி திறந்து பத்திரிகை போடுங்கள். பெண்கள் சங்கம், விளையாட்டுக் கழகம், முன்பள்ளி ஆகியன ஊரின் நரம்புகள். அவை இயங்கத் தொடங்கினால் ஊரும் இயங்கத் தொடங்கும்.

கூட்டத்தில் எப்போதும் பேசுபவர்கள் மட்டும் பேசாமல் பார்த்துக்கொள்ளுங்கள். தனித்துக் குடும்பம் நடத்தும் பெண்கள், மாற்றுத்திறனாளிகள், ஊரில் ஒதுக்கப்பட்டு வந்தவர்கள் ஆகியோரையும் அழையுங்கள். தடுப்பிலிருந்து திரும்பியவர்களையும் 1990 இல் வெளியேற்றப்பட்டு இப்போது திரும்பும் முஸ்லிம் அயலவர்களையும் விட்டுவிடாதீர்கள். ஒரு பகுதியினரை வெளியே விட்டுவிட்டு ஊர் முழுமையாக ஆறாது.

எப்போது வைத்தியரிடம் போகவேண்டும்?

குடும்பத்தின் ஆதரவோடு பலர் காலப்போக்கில் தேறுவார்கள். சிலருக்கு அது போதாது. கீழ்வருவன ஒருவரில் காணப்பட்டால் காத்திருக்க வேண்டாம்:

• இரண்டு வாரங்களுக்கு மேலாக நித்திரையும் பசியும் இல்லாமல், எதிலும் விருப்பமில்லாமல் இருத்தல்
• நடந்த சம்பவம் மறுபடி நடப்பதுபோல் உணர்ந்து திடுக்கிடுதல், அதனால் வேலை செய்யமுடியாமை
• பிள்ளையைப் பராமரிக்கவோ குளிக்கவோ உடுத்தவோ முடியாத நிலை
• மற்றவர்களுக்குக் கேட்காத குரல் கேட்டல், காரணமற்ற கடும் சந்தேகம்
• செத்துவிடலாம் என்ற பேச்சு அல்லது முயற்சி

முதலில் உங்கள் பகுதிக் குடும்பநல உத்தியோகத்தரிடமோ சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையிலோ சொல்லலாம். அருகிலுள்ள அரச வைத்தியசாலைக்கு நேரே போனால் அங்கிருந்து உளநலப் பிரிவுக்கு அனுப்புவார்கள். அரச வைத்தியசாலையில் இந்தச் சிகிச்சைக்குப் பணம் இல்லை. தேசிய உளநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கத்துக்குத் தொலைபேசியில் அழைத்தும் பேசலாம். சாகப்போவதாகச் சொல்பவரைத் தனியே விடாதீர்கள். கிருமிநாசினியை எட்டாத இடத்தில் பூட்டிவையுங்கள். "சும்மா வெருட்டுறார்" என்று எண்ணாமல் உடனே அழைத்துச் செல்லுங்கள்.

கோயிலில் நூல் கட்டுவதையும் நேர்த்தி வைப்பதையும் விடவேண்டியதில்லை. அவற்றோடு வைத்தியரின் சிகிச்சையையும் செய்யுங்கள். தொடங்கிய மருந்தை வைத்தியரைக் கேட்காமல் நிறுத்தவேண்டாம்.

முடிவாக

வடு என்பது காயம் ஆறிய இடம். அது மறையாது. ஆனால் காயம் பட்டவர் பிழைத்துவிட்டார் என்பதையும் அது சொல்லும். சோமசுந்தரம் தன் ஆய்வுகளுக்குத் தேர்ந்த சொல்லும் அதுவே. பாதிப்பைக் குறைத்துச் சொல்லாமல், அதைத் தனி மனிதருடைய குறையாகவும் பார்க்காமல், குடும்பத்தோடும் ஊரோடும் சேர்த்துப் பார்க்க அவர் வழிகாட்டினார்.

உங்கள் வளவுக்குள் மறுபடி ஒரு தென்னம்பிள்ளை வைக்கும்போது வேலிக்கு அப்பால் நிற்கும் அயலவரையும் கூப்பிடுங்கள். அவரும் உங்களைப்போல் பல இடம் அலைந்து வந்தவர்தான். ஒரு தேத்தண்ணி குடிக்கும் நேரம் இருவரும் இருந்து பேசினால், ஊர் ஆறுவதற்கான வேலையில் ஒரு பங்கு அன்றே நடந்துவிடும்.